உப்பளத்தில் நின்ற படை

பிரிசில்லா ஆட்டத்தை நிறுத்திய பிறகும் படை நடந்துகொண்டிருந்தது.

திரையில் எல்லாம் உறைந்துபோய்த்தான் இருந்தது. தூக்கிய கால் தூக்கியபடி, பாதி விரிந்த கொடி பாதியிலேயே, தூரத்து மரங்களுக்கு மேலே பறவைகள் ஒட்டவைத்த மாதிரி. ஆனால் காதுக்குள் அந்தச் சத்தம் ஓயவில்லை. நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் ஊன்றி, ஒரே நேரத்தில் எழும்பி, மறுபடியும் ஊன்றுகிற சத்தம். ஹெட்செட்டில்தான் கோளாறு என்று அதைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். சத்தம் குறையவில்லை. இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஜன்னல் பக்கமிருந்து.

நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மரக்காணம் உப்பளத்தின் நடுவே இருந்த அந்த ஒற்றை அறை ஆபீஸில் அவளைத் தவிர யாரும் இல்லை. சீசன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. லாரி வராது, கூலியாள் வராது. பாத்திகளில் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவு தேங்கிக் கிடக்க, விலை போகாமல் மிஞ்சிய உப்பு வரப்போரமாகக் குவியல் குவியலாகத் தார்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஏறினால் பம்பைப் போடவும், மடையைத் திறந்துவிடவும் ஆள் வேண்டும் என்று புதுச்சேரியில் இருந்த முதலாளி அவளையும் வாட்ச்மேன் ஆதிமூலத்தையும் மட்டும் வைத்திருந்தார். ஆதிமூலம் பதினோரு வருஷமாக இங்கே காவல். அவள் மூன்று வருஷமாக லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதுகிறாள். மழைக்காலத்தில் இரண்டு பேருக்கும் வேலையென்று ஒன்றும் கிடையாது. ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும், பம்பிலிருந்து வரும் டீசல் புகையும், பாத்திச் சேற்றிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை நாற்றமுமாக நாள் நகரும். அவர் டீ போடுவார். அவள் லேப்டாப்பில் சண்டை போடுவாள்.

லேப்டாப் தம்பி மார்ட்டின் போன லீவில் கொண்டுவந்து கொடுத்தது. பேட்டரி செத்துவிட்டதால் எந்நேரமும் கரண்டில்தான் ஓடும். அவன் தோஹாவில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். வெள்ளிக்கிழமைதான் லீவு. அம்மா இறந்த பிறகு போனில் பேசினால் சாப்டியா, சாப்டேன் என்பதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். இந்தப் பழங்காலப் போர் விளையாட்டில் ஒரே அணியில் சேர்ந்துவிட்டால் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். குதிரை அவனுடையது, காலாள் அவளுடையது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் பிரித்துக்கொண்டார்கள்.

அவள் எடுப்பது எப்போதும் ரோமானியர்களின் கனத்த காலாட்படை. முழுக் கவசம், கழுத்திலிருந்து முழங்கால் வரை மறைக்கும் கேடயம், ஆளுக்கு இரண்டு எறியீட்டி, குட்டை வாள். புதிதாக ஆடுகிறவர்கள் அவர்களை ஓடவிட்டே கெடுப்பார்கள். அத்தனை இரும்பைச் சுமந்து ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம். பிரிசில்லா ஓடவிட மாட்டாள். மூன்று வரிசையாக, சதுரங்கக் கட்டம் போல இடைவெளி விட்டு நிறுத்துவாள். பக்கவாட்டில் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் தம்பியின் குதிரைகள். எதிரி இருபதடிக்குள் வரும்வரை ஒருத்தனும் அசையக் கூடாது. வந்ததும் ஈட்டி மழை. அதற்கப்புறம்தான் வாள். முன்வரிசை களைத்தால் பின்வரிசை இடைவெளி வழியாக முன்னால் வந்து நிற்கும்.

"அவங்கள மாதிரி சொன்ன பேச்சு கேக்கறவங்க யாரும் இல்லடா," என்பாள் மார்ட்டினிடம். "நில்லுன்னா சாவற வரைக்கும் நிப்பாங்க."

இப்போது ஹெட்செட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கீச்சென்று கேட்டது. "அக்கா, ஏன் நிறுத்திட்ட? குதிரைங்கள சுத்தி அனுப்பிட்டேன், எதிரி மேட்டுல ஏறிட்டான்."

அவள் அதை மறுபடி மாட்டிக்கொண்டாள். "டேய், உனக்கு எதாச்சும் சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

"நடக்கற சத்தம்."

"ஆமா, கேக்குது. உன் மைக்லேர்ந்துதான் வருது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?"

"இல்லடா."

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே தூறல் திரைபோல இறங்கியிருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். உப்புக் குவியல்கள் தெரிந்தன, அவளுடைய ஸ்கூட்டி தெரிந்தது, தூரத்தில் மடை இருக்கும் மேடு மங்கலாகத் தெரிந்தது. மனுஷ நடமாட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த பாத்தியில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலடிக்கும் ஒரு நடுக்கம். அலைகள் வளைவாகப் பரவவில்லை. நேர்கோடு நேர்கோடாக வந்தன.

ஆதிமூலம் அரைமணி முன்னால் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மடையைத் திறக்கப் போயிருந்தார். "நீ உன் சிப்பாய்ங்கள பாத்துக்கம்மா, நான் தண்ணிய பாத்துக்கறேன்," என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தபடி போனார். தை மாசம் கிளியனூரில் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகைக்கு எந்த மஞ்சள் நல்லாயிருக்கும் என்று காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

மேசைக்குத் திரும்பினாள். ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டாள். திரையில் படை நடக்க ஆரம்பித்தது. ஹெட்செட்டில் ஒரு நடை, வெளியே ஒரு நடை. இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. படை முழுவதையும் தேர்ந்தெடுத்து 'நில்' பொத்தானை அழுத்தினாள்.

திரையில் நின்றார்கள்.

வெளியே இன்னும் இரண்டு அடி கேட்டது. பிறகு அங்கேயும் நின்றது.

பம்பின் டக்டக் சத்தம் மட்டும் மிச்சம். அவள் கை, தானாகவே, 'நட' பொத்தானுக்குப் போனது. அழுத்தினாள். வெளியே நடை தொடங்கியது. நிறுத்தினாள். நின்றது. இந்த முறை கிட்டத்தில். சேற்றில் கால் புதையும் சத்தத்துக்கு அடியில், வரப்பின் செங்கல்மேல் இரும்பு உரசுகிற இன்னொரு சத்தமும் கேட்டது.

"மார்ட்டின்," என்றாள். "நான் சொல்றத இவங்க வெளியவும் கேக்கறாங்கடா."

"யாரு?"

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்கா, விளையாடாத. அவன் வர்றான் பாரு! இறங்கிட்டான், முன்னாடி இறங்கிட்டான்!"

மேட்டிலிருந்து எதிரிக் கூட்டம் கத்திக்கொண்டு இறங்கியது. நாற்பதடி. முப்பதடி. அவள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈட்டி போடு! அக்கா! ஈட்டிய போடுக்கா!"

எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் பழகிப்போன விரல். அது யோசிக்கவில்லை. அழுத்திவிட்டது.

திரையில் ஈட்டிகள் எழும்பின. வெளியே, கூரைக்கு மேலாக, ஆயிரம் கொக்குகள் ஒரே நேரத்தில் சிறகடித்துக் கிளம்பியது போல ஒரு காற்றுச் சத்தம் போனது. மடைப்பக்கம் போனது. பிறகு ஈர மண்ணில் பொதபொதவென்று எதுவோ இறங்கியது.

ஒரு மனுஷக் கத்தல். ஒரே ஒரு தடவை. பாதியில் அறுந்துவிட்டது.

"என்னக்கா அது?" மார்ட்டினின் குரல் சின்னதாகிவிட்டது. "யாரோ கத்துனாங்க இல்ல?"

அவள் எல்லாரையும் நில் என்று நிறுத்தினாள். பிறகு போனை எடுத்து ஆதிமூலத்தைக் கூப்பிட்டாள். மணி போனது. எங்கோ வெளியேயும் மணி அடித்தது, அவருடைய பழைய பட்டன் போனின் கிறீச் சத்தம். எடுங்கண்ணா. எடுங்க. மணி மடைப்பக்கமிருந்து வந்தது. பிறகு கொஞ்சம் இடதுபக்கமிருந்து வந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

யாரோ ஒருத்தர் தனியாக நடந்து வந்தார். சேற்றில் இரண்டு கால். அவசரமில்லாத நடை. மணி அடித்துக்கொண்டே வந்து, படை நின்ற இடத்துக்கு நேரே வந்ததும் நடை நின்றது. மணி மட்டும் அங்கேயிருந்து அடித்தது.

அவள் போனை வைத்தாள்.

திரையில் முன்வரிசையைத் தட்டிப் பார்த்தாள். ஈட்டி மழையிலேயே எதிரி கலைந்து ஓடியிருந்தான், அவள் பக்கம் ஒருத்தர்கூட சாகவில்லை. நூற்றறுபது பேர் இருக்க வேண்டிய இடத்தில் நூற்று அறுபத்தொன்று என்று காட்டியது.

அப்போதுதான் கரண்ட் போனது. மின்விசிறி தளர்ந்து நின்றது. மேசைக்கடியில் இருந்த யூ.பி.எஸ். பீப் என்று கத்தியது. லேப்டாப்பும் நெட் பெட்டியும் அதில்தான் ஓடின. இருபது நிமிஷம் தாங்கும். மழைக்காலத்தில் அதுவும் தாங்காது.

"கேம மூடு," என்றான் மார்ட்டின். "மூடிட்டு வண்டிய எடுத்துக்கினு கிளம்பு, அக்கா. இப்பவே."

"மூடிட்டா அப்புறம் அவங்கள நிறுத்தறது யாரு?"

யூ.பி.எஸ். மறுபடியும் கத்தியது. பீப்.

பிரிசில்லா வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேற்கு ஓரத்தில் ஒரு சதுப்பு ஏரி இருந்தது. அதற்கப்பால் கறுப்புதான், வரைபடம் அங்கே முடிகிறது. இங்கேயும் மேற்கில் கழுவெளி ஏரிதான் இருக்கிறது. ரோடு கிழக்கில். மூன்று வரிசையையும் சேர்த்துப் பிடித்து, ஏரிக்கரையின் கடைசி ஓரத்துக்கு நடக்கச் சொன்னாள்.

வெளியே முழுப் படையும் திரும்பியது. அது திரும்புவதை அவள் பாதங்களில் உணர்ந்தாள், சிமெண்டுத் தரை லேசாக அதிர்ந்தது. நடை தொடங்கியது. மெல்ல மெல்லத் தேய்ந்தது. பம்பு சத்தத்துக்குள் கரைந்தது. ஐந்து நிமிஷத்தில் தூறல் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"போய்ட்டாங்க," என்றான் மார்ட்டின். "ஏரியோரமா நிக்கறாங்க. எனக்கும் தெரியுது. நீ கிளம்பு."

அவள் ஹெட்செட்டைக் கழற்றி, போனில் அவனைக் கூப்பிட்டாள். "நீ ஆட்டத்த விட்டு நகராத. அவங்க அசைஞ்சா சொல்லு. நான் மடைகிட்ட போய்ட்டு வந்துடறேன்."

"அங்க எதுக்கு?"

"ஆதிமூலம் அண்ணா அங்கதான்டா இருக்காரு."

"அக்கா, வேணாம். ஆம்புலன்சுக்கு போன் பண்ணு, போலீசுக்கு பண்ணு, நீ போகாத."

"அவரு பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம்டா. ஈட்டி போட்டது நான்தானே?"

கதவைத் திறந்தாள். உப்புக் காற்று முகத்தில் ஒட்டியது. ஆபீஸைச் சுற்றியிருந்த சேற்றில் தடங்கள் இருந்தன. வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். ஒவ்வொரு தடத்துக்குள்ளும் சின்னச் சின்னக் குழிகள், ஆணி பதித்த செருப்பின் அடையாளம். அவள் அவற்றை மிதிக்காமல் வரப்புமேல் ஏறி நடந்தாள். இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்கடா இருக்காங்க?"

"அங்கியேதான். அசையல."

இருநூறு அடி. முந்நூறு. தார்பாய் போர்த்திய குவியல்களைத் தாண்டினாள். ஒரு தார்பாயின் ஓரம் காற்றில் அடித்துக்கொண்டது. அவள் நின்றாள். தார்பாய்தான். மறுபடி நடந்தாள்.

மடை திறந்திருந்தது. தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடியது. கடப்பாரை கரையில் சாய்ந்து கிடந்தது. துண்டு கிடந்தது. செருப்பு இரண்டும் கிடந்தன. ஆதிமூலம் இல்லை.

மேட்டின் ஈரமண் முழுக்கத் துளைகள். விரல் பருமனில், நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே சாய்வில். குத்திய எதுவும் அங்கே இல்லை. துளைகளில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் துளையே இல்லை. அந்த இடத்துக்குத் தலை இருந்தது. விரித்த இரண்டு கை இருந்தது. கால் இருந்தது. அங்கே விழ வேண்டிய ஈட்டிகளையெல்லாம் மண்ணுக்குப் போகாமல் வேறு ஏதோ வாங்கியிருந்தது.

ரத்தம் ஒரு சொட்டு இல்லை. உப்புதான் வெள்ளையாகப் பூத்திருந்தது. இந்த மழையிலும் கரையாமல்.

அந்த இடத்திலிருந்து காலடிகள் கிளம்பின. முதல் அடி வெறுங்கால், ஐந்து விரலும் பதிந்திருந்தது. இரண்டாவதும் வெறுங்கால். மூன்றாவது அடியில் விரல்கள் இல்லை. குதிகாலிலும் முன்பாதத்திலும் புள்ளிப் புள்ளியாக ஆணித்தடம்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா?" என்றான் மார்ட்டின். "அக்கா, கேம்ல உன் லைன் கட்டாயிடுச்சுன்னு காட்டுது. உன் லேப்டாப் அணைஞ்சிடுச்சு போல."

யூ.பி.எஸ். முடிந்துவிட்டது.

"அவங்க?"

"இரு. இரு..." மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது. "பயப்படாத. கேமே உன் ஆளுங்கள என்கிட்ட குடுத்துடுச்சு. இப்ப எல்லாரும் என் கையில. நில்லுன்னு போட்டுட்டேன். நிக்கறாங்க. அக்கா, நிக்கறாங்க!"

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். படை தம்பி கையில் இருக்கிறது. எழுந்தாள். ஸ்கூட்டி வரைக்கும் போனால் போதும். சாவி சுடிதார் பையில் இருந்தது, விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேகமாக நடந்தாள். ஓடினாள். குவியல்களைத் தாண்டினாள். ஆபீஸ் தெரிந்தது.

பாத்தியில் தண்ணீர் நடுங்கியது.

நேர்கோடாக.

"மார்ட்டின். என்ன பண்ற?"

"ஒண்ணும் பண்ணலையே."

"நடக்கறாங்கடா."

"இல்லக்கா. நான் பாத்துக்கினேதான் இருக்கேன். ஏரியோரமா நிக்கறாங்க. ஒருத்தன்கூட அசையல."

சளக். சளக். சளக்.

பின்னாலிருந்து. பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும்.

"நிறுத்துடா."

"நின்னுக்கினுதான் இருக்காங்க! இதோ, மறுபடியும் போடறேன். கேக்குதா?"

கேட்டது. தோஹாவில் ஓர் அறையில் அவன் மவுஸைத் தட்டுகிற சத்தம் போனுக்குள் கேட்டது. டிக். டிக். டிக். டிக்.

வெளியே நடை நிற்கவில்லை.

பிறகு நின்றது. அவன் சொன்னதால் அல்ல.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

தூறலுக்குள் அவர்கள் பாத்தி முழுக்க நின்றார்கள். தோளோடு தோள். கேடயத்தோடு கேடயம். வரப்புக்கு வரப்பு. முகம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் உப்பு, அடைஅடையாக, வெள்ளையாக. மூச்சு இல்லை. இருமல் இல்லை. அத்தனை பேர்மேலும் மழை விழும் சத்தம் மட்டும்.

முன்வரிசையில், பத்தடி தூரத்தில், காக்கிச் சட்டையோடு ஒருத்தர். சட்டையெல்லாம் துளை. துளையிலெல்லாம் உப்பு. அவர் பையில் இருந்த போன் விளக்கு எரிந்து அணைந்தது.

"அக்கா, கிளம்பிட்டியா? வண்டியில ஏறிட்டியா? சொல்லுக்கா. ஏதாச்சும் பேசுக்கா."

அவள் தன் கால்களைப் பார்த்தாள். வரப்பில் இல்லை. எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. தண்ணீருக்குள் நின்றிருந்தாள்.

பஸ்ஸில் நிற்கிற பொம்பளையைப் பார்த்ததும் நகர்ந்து உட்காருகிறவரைப் போல, ஆதிமூலம் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் லேசாக நெருக்கி, தன் இடதுபுறத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்.